நோன்பு மாதத்துக் கடிவாளம்

சைகோன் பூ தோ ரேஸ் மைதானத்தில் அப்துல் குத்தூஸின் பெயர் தெரியாதவர்கள் இருக்கலாம். அவன் கடிவாளத்தைத் தன் வாயில் வைத்துக்கொள்கிற ஆள் என்பது தெரியாதவர்கள் கிடையாது. விடியற்காலையில் லாயத்துக்கு வந்ததும் ஆணியில் தொங்கும் கடிவாளத்தை எடுப்பான். குதிரையின் வாய்க்குள் போகிற அந்த இரும்பைக் கழுவித் துடைத்து, தன் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பான். நாக்கால் இப்படியும் அப்படியும் புரட்டுவான். இரும்பு சூடேறிய பிறகுதான் அது ரோசலியின் வாய்க்குப் போகும். யாராவது சிரித்தால், "என் வாய்க்கு ஆகாதது அது வாய்க்கு எப்படிங்கனி ஆகும்?" என்பான்.

ரோசலி என்பது குதிரை. மதாம் மாதலேனுக்குச் சொந்தமான செம்பழுப்புப் பெட்டைக் குதிரை. மாதலேன் புதுச்சேரிக் கிறிஸ்தவ விதவை. புருஷன் சைகோனில் சுங்க உத்தியோகம் பார்த்துச் செத்துப்போனவர். அவர் ஆசைப்பட்டு வாங்கிய குட்டியை ஆறு வருஷமாக வளர்த்து, பழக்கி, ஓட்டி, ஆளாக்கியவன் குத்தூஸ். காரைக்காலிலிருந்து மாமாவின் துணிக்கடைக்கு வேலைக்கு வந்த பையன், கஜக்கோலைப் போட்டுவிட்டு லகானைப் பிடித்த கதை தனி. ரோசலி அவன் பேச்சைத் தவிர வேறு யார் பேச்சையும் கேட்கமாட்டாள். அப்படித்தான் அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் நோன்பு மே மாதத்தில் வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் வெயில். நோன்பு பிடித்திருக்கும்போது குத்தூஸ் இரும்பை வாயில் வைப்பதில்லை. எதையும் விழுங்கப்போவதில்லைதான், வாயில் வைத்தால் குற்றமா இல்லையா என்று ஆலிம்சாவிடம் போய்க் கேட்டிருக்கலாம். அவன் கேட்கவில்லை. சந்தேகம் என்று வந்துவிட்டால் தள்ளி நிற்பதுதான் அவன் பழக்கம். ஒவ்வொரு வருஷமும் அந்த ஒரு மாதம் மட்டும் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு மாட்டுவான். இருபது வருஷம் லகான் பிடித்த விரல், தோல் தடித்துக் கிடந்தது. அடுப்புக் கங்கை எடுத்துப் போட்டாலும் அதற்கு உறைக்காது.

நோன்பு தொடங்கிய இரண்டாம் நாள், நடுவில் மூட்டுத் தேய்ந்துபோயிருந்த கடிவாள இரும்பு சோலோன் பேட்டைக் கொல்லனிடமிருந்து பழுது பார்த்துத் திரும்பி வந்தது. குத்தூஸ் கட்டைவிரலால் தடவினான். வழவழவென்று இருந்தது. மாட்டினான்.

மறுநாள் வடக்கே தியென் பியென் ஃபூ பிரெஞ்சுக் கோட்டை விழுந்த செய்தி வந்தது. ஊரே ரேடியோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தது. இனி வெள்ளைக்காரன் நிற்கமாட்டான், நம் பிரெஞ்சுப் பிரஜைக் காகிதமெல்லாம் என்னவாகும் என்று காரைக்கால்காரர்களும் புதுச்சேரிக்காரர்களும் முகத்தை முகம் பார்த்துக்கொண்டார்கள். மாதலேன் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள்.

"ஜூலைக் கப்பல்ல நான் பிரான்சுக்குப் போறேன் குத்தூஸ்," என்றாள் லாயத்து வாசலில் நின்று. "ரோசலிய விக்கமாட்டேன். அவர் வாங்கினது. யாரு நல்லா வச்சுப்பாங்களோ அவங்க பேருக்கு எழுதிக் குடுத்துட்டுப் போறேன். உங்க பண்டிகை முடியட்டும், சொல்றேன்."

யாரு என்ன யாரு? குத்தூஸுக்கு அந்த வார்த்தையே புரியவில்லை. ரோசலிக்கு அவனைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

அதற்குப் பதில் மறுநாளே வந்து சேர்ந்தது. பெயர் சிமோன். புதுச்சேரிக்காரன், பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து விடுவித்து அனுப்பப்பட்ட சொல்தா, அதாவது சிப்பாய். முப்பது வயதிருக்கும்; இடது காலை லேசாக இழுத்து நடப்பான். மாதா கோயில் சாமியார் சொல்லி மாதலேன் அவனை லாயத்து வேலைக்கு எடுத்துக்கொண்டாள். வந்த முதல் நாள் அவன் கண் போனது கடிவாளத்தின் மேல்தான்.

"பாய், இந்த இரும்பு இல்லாமலே ஓட்டலாமே," என்றான். வணக்கம் சொல்கிற குரலில்தான் சொன்னான். ஆனால் குத்தூஸுக்கு அது கன்னத்தில் விழுந்த அறை.

"எப்படி ஓட்டுவீங்க தம்பி? சொல்லிச் சொல்லியா?"

"மூக்கு மேல வர்ற மாதிரி ஒரு வார். வாயில ஒண்ணும் வேணாம். வடக்க டோங்கின்ல எங்க பொதிக்குதிரை ஒண்ணுக்குத் தாடையில குண்டுச் சில்லு பட்டுடுச்சு. வாயில எதையும் வைக்க முடியல. சுட்டுடச் சொன்னாங்க. நான் கயித்துல மூக்குவார் கட்டி ஓட்டினேன். ஒரு வருஷம் ஓட்டினேன். மத்த குதிரையெல்லாம் முரண்டு பிடிக்கிற எடத்துல அது நின்னு கேக்கும் பாய்."

"மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுறத நானும் பாத்திருக்கேன்," என்றான் குத்தூஸ். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிமோனும் சிரித்தான். அவனும் சேர்ந்து சிரித்ததுதான் குத்தூஸுக்கு எரிந்தது.

அன்றிலிருந்து தொடங்கியது வயிற்றெரிச்சல். நான்காம் நோன்பிலிருந்து ரோசலி தலையை உதறத் தொடங்கினாள். லகானை இழுத்தால் கழுத்தை மேலே தூக்குவாள். வளைவில் ஒரு பக்கமாகச் சாய்வாள். இரும்பைக் கொண்டுபோனாலே பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்புவாள். ஆறு வருஷத்தில் அப்படிச் செய்ததே இல்லை. குத்தூஸுக்குக் காரணம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. இவன்தான். இந்தச் சொல்தாதான் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறான்.

கெடுக்கத்தான் செய்தான். ஓட்டம் முடிந்து வேர்வையோடு வரும் ரோசலியைச் சிமோன் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போவான். கயிறு தொங்கிக்கொண்டுதான் இருக்கும், இழுக்கவே மாட்டான். கரும்பைக் கத்தியால் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி உள்ளங்கையில் வைத்து நீட்டுவான். அவள் தின்றுவிட்டு, அவன் தோளில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள். குத்தூஸ் தொட்டித் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்ப்பான். தன் தோளில் ஒரு நாளாவது அவள் தலையை வைத்திருக்கிறாளா என்று யோசித்துப் பார்ப்பான். வைத்ததில்லை. அவன் தோள் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் நின்றதுமில்லை.

பொறாமைப்படுகிறோம் என்று அவனுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? மறுநாள் லகானை இன்னும் ஒரு பிடி இறுக்கிப் பிடித்தான்.

வீட்டில் நோன்பு திறக்க உட்கார்ந்தாலும் அதே பேச்சுத்தான். கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சிமோனைக் கரித்துக்கொட்டுவான். மனைவி ஜெய்த்தூன் பீவி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள்.

"மச்சான், ஒண்ணு கேக்கட்டுமா," என்றாள். "என்னைய யாராவது கூட்டிட்டுப் போயிட்டாக்கூட இவ்வளவு பேசுவீங்களா?"

"உன்னைய யாரு கூட்டிட்டுப் போவா?"

"அதான் கேட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் வடைத் தட்டை அவன் பக்கமிருந்து தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

பதினைந்தாம் நோன்பன்று மாதலேன் லாயத்துக்கு வந்தாள். ரோசலி தலையை உதறுவதை யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். குத்தூஸ் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினான். நாசமாய்ப் போன சுற்று. ரோசலி வளைவில் வெளியே ஓடி, வேலியை உரசிக்கொண்டு வந்து நின்றாள். வாயோரம் நுரை தள்ளியிருந்தது.

"சிமோன், நீ சொன்னியே, அந்த வார மாட்டி ஓட்டு பாக்கலாம்," என்றாள் மாதலேன்.

சிமோன் தானே தைத்த தோல் வாரை எடுத்து வந்தான். மூக்கின் மேல் ஒரு பட்டை, தாடைக்குக் கீழே ஒரு பட்டை, இரண்டு பக்கமும் லகான். அவ்வளவுதான், இரும்பென்று பொட்டளவும் இல்லை. ரோசலி தலையைத் தாழ்த்திக் கொடுத்தாள். கொடுத்ததைக் குத்தூஸ் பார்த்தான். அப்புறம் அவள் போனாள். வளைவில் கோடு போட்டதுபோல் போனாள். எதிர்ப்பக்கம் நேராக வந்தபோது காதிரண்டும் முன்னால் நிமிர்ந்திருந்தன. சிமோன் லகானைச் சுண்டக்கூட இல்லை. நிற்கவைக்க வேண்டிய இடத்தில் முதுகை நிமிர்த்தினான், நின்றாள்.

தான் ஆறு வருஷம் ஏறி உட்கார்ந்த முதுகில் இன்னொருவன் உட்கார்ந்திருக்கிறான், அவள் சந்தோஷமாக ஓடுகிறாள். அதை நின்று பார்க்கும்படி ஆகிவிட்டதே என்று குத்தூஸுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"பாத்தியா குத்தூஸ்?" என்றாள் மாதலேன்.

"பாத்தேன் மதாம். காலி மைதானம். பக்கத்துல பத்துக் குதிரை ஓடுறப்ப இத நம்பி யாரு ஏறுவா?" என்றான். சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் மாதலேன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, ரோசலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் அப்போது முடிவாகவில்லை. இன்னும் சில நாள் குத்தூஸே அவன் முறைப்படி ஓட்டட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இருபதாம் நோன்பன்று சிமோன் அவனைத் தனியாகக் கூப்பிட்டான்.

"பாய், ரோசலி வாய்க்குள்ள பாத்தேன். நாக்குல வெட்டு. பழசும் இருக்கு, புதுசும் இருக்கு. நான் மதாம்ட்ட போகல. அந்த இரும்ப ஒரு தரம் நீங்களே நல்லாப் பாத்துடுங்க."

குத்தூஸ் பார்த்தான். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவினான். வழவழவென்று இருந்தது. அதோடு முடிந்தது அவன் விசாரணை. இரும்பில் ஒன்றும் இல்லையென்றால் நாக்கில் வெட்டு எப்படி வந்தது? தினம் கத்தியும் கையுமாக அவள் வாய்க்குப் பக்கத்தில் நிற்பவன் யார்? மனசு எதை நம்பத் தயாராக நின்றதோ அதை நம்புவதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. சிமோன் மதாமிடம் போகவில்லை என்றான் அல்லவா, குத்தூஸ் போனான்.

மாதலேன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டுக் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"சிமோனா? அவன் அப்படிச் செய்யமாட்டான்ப்பா."

"கரும்புக் கத்தியோட அது வாய்க்கிட்ட நின்னத நான் என் கண்ணால பாத்தேன் மதாம். என் இரும்பால வெட்டுச்சுன்னு சொல்லிக் குதிரைய வாங்கிடலாம்னு பாக்குறான். என் இரும்பு வெட்டுமா? நீங்களே சொல்லுங்க. என் வாயில வைக்காத இரும்ப நான் என்னைக்காவது அது வாயில வச்சிருக்கேனா?"

ஆறு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். வழுக்கிக்கொண்டு வந்தது. இந்த மாதம் அது பொய் என்பது சொல்லும்போது அவனுக்குத் தோன்றவே இல்லை. மாதலேனுக்கும் தோன்றவில்லை, பாய்மார் நோன்பில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் அதையும் கடிவாளத்தையும் அவள் எங்கே சேர்த்துப் பார்க்கப்போகிறாள்? அந்த ஒரு வாக்கியத்துக்கு அவள் சாய்ந்துவிட்டாள். மைதானமே சாட்சி சொல்லும் வாக்கியம்.

சிமோனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான் செய்யல மதாம்," என்று மட்டும் சொன்னான். குத்தூஸை ஒரு தரம் பார்த்தான். பெருநாள்வரை வேறு குதிரைகளைப் பார்த்துக்கொள்ளட்டும், அப்புறம் கணக்கை முடித்துக்கொண்டு போகட்டும் என்று ஆயிற்று. ரோசலிக்கு வாய் ஆறட்டும் என்று பத்து நாள் ஓய்வு. பெருநாளன்று மாலையில் காகிதத்தில் குத்தூஸ் பெயரை எழுதிக் கொடுப்பதாக மாதலேன் சொன்னாள்.

அந்தப் பத்து நாளும் குத்தூஸ் நன்றாகத் தூங்கினான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெருநாள் காலையில் குளித்து, அத்தர் பூசி, புதுச் சட்டையும் கைலியும் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனான். தொழுகை முடிந்து எல்லோரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். எத்தனை பேரை அடுத்த வருஷம் இங்கே பார்க்கப்போகிறோமோ என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து வட்டிலப்பம் சாப்பிட்டான். ரோசலிக்கென்று ஒரு பனைவெல்லக் கட்டியை மடியில் கட்டிக்கொண்டு லாயத்துக்குக் கிளம்பினான். "அதுக்கும் பெருநாளா?" என்று ஜெய்த்தூன் பீவி கேட்டதற்கு, "இன்னைக்குச் சாயந்தரத்துலேருந்து அது நம்ம குதிரை புள்ள," என்றான்.

லாயத்தில் யாரும் இல்லை. சிமோனின் மூக்குவார் மட்டும் ஆணியில் தொங்கியது. எடுத்துப்போக மறந்தானோ, வேண்டுமென்றே விட்டுப்போனானோ. பத்து மணி பஸ்ஸில் அவன் தலாத் மலையூருக்குப் போகிறான் என்று பக்கத்து லாயத்துக்காரன் சொன்னான். போகட்டும் என்று நினைத்துக்கொண்டான் குத்தூஸ். கடிவாளத்தை எடுத்தான், கழுவினான், துடைத்தான். முப்பது நாளுக்குப் பிறகு பகலில் வாய்க்கு விடுதலை. இரும்பை நிம்மதியாகப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றான். பழக்கப்படி நாக்கால் இப்படிப் புரட்டினான். இரும்பு நடு மூட்டில் மடங்கியது.

சுரீரென்றது. வாயெல்லாம் உப்புக் கரித்தது. துப்பினான், வைக்கோலில் சிவப்பாக விழுந்தது.

இரும்பைக் கையில் எடுத்து நடுவில் மடக்கிப் பார்த்தான். கொல்லன் அடித்துச் சேர்த்த மூட்டுக்குள் தலைமுடி கனத்துக்கு ஒரு பிசிறு. நீட்டிப் பிடித்தால் உள்ளே ஒளிந்துகொள்கிறது, மடங்கினால் வெளியே வருகிறது. லகானை இழுத்தால் மடங்கும். அவன் இழுத்தான். அவள் தலையை உதறினாள். இன்னும் இறுக்கி இழுத்தான். இரண்டாம் நோன்பிலிருந்து இருபதாம் நோன்புவரை தினமும் இழுத்தான்.

குத்தூஸ் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். முதலில் வந்தது அழுகை இல்லை. முதலில் வந்தது கோபம், அதுவும் சிமோன் மேல். அவன் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்ற கோபம். அப்புறம் ஒரு யோசனை வந்தது. கருவிப் பெட்டியில் அரம் இருக்கிறது. இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் பிசிறு போய்விடும். பத்து மணி பஸ் போய்விடும். சாயந்தரம் காகிதம் வரும். தன் நாக்குப் புண் மூன்று நாளில் ஆறும். யாருக்குத் தெரியப்போகிறது?

அரத்தைக் கையில் எடுத்தும்விட்டான். எடுத்தபோது இன்னொரு கையிலிருந்த கடிவாளத்தின் வளையம் கிணுங்கியது. அந்தச் சத்தத்துக்கு ரோசலி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டாள்.

"அல்லாவே," என்றான் குத்தூஸ். அரத்தைக் கீழே போட்டான்.

மணி ஒன்பதே கால். பஸ் கிளம்புகிற பென் தான் மார்க்கெட்டுக்கு நடந்து போனால் நேரமாகிவிடும். அந்த இரும்பை அவள் வாயில் வைக்க இனி அவனால் ஆகாது. ஆணியிலிருந்த மூக்குவாரைப் பார்த்தான். அதைத் தொடவே கை கூசியது. எடுத்து மாட்டினான். ரோசலி தலையைத் தாழ்த்திக் கொடுத்தாள்.

சேணம் போட நேரமில்லை. கடிவாளத்தை மடியில் செருகிக்கொண்டு, புதுக் கைலியை மடித்துக் கட்டி ஏறி உட்கார்ந்தான். பயமாகத்தான் இருந்தது, பிரேக் இல்லாத சைக்கிளில் ஏறியதுபோல் இருந்தது. ஆனால் அவள் போனாள். சைக்கிள் ரிக்‌ஷாக்களுக்கும் பட்டாள லாரிகளுக்கும் நடுவில், ஹாரன் சத்தத்துக்கு ஒரு காதை மட்டும் ஆட்டிவிட்டு, அவன் உடம்பு சாய்ந்த பக்கம் சாய்ந்து போனாள். பெருநாள் சட்டையும் அத்தருமாக ஒருவன் சேணமில்லாத குதிரையில் போவதை ஜனங்கள் நின்று பார்த்தார்கள். இவளுக்கு இப்படி நடக்கத் தெரியும் என்பது ஆறு வருஷமாகத் தனக்குத் தெரியாமல் போயிற்றே, வந்து ஒரு மாதம் ஆகாத ஒருவனுக்குத் தெரிந்திருந்ததே என்று குத்தூஸின் வயிறு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் தலாத் பஸ் கூரையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிமோன் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். குதிரையைப் பார்த்துவிட்டு எழுந்தான். அவள் மூக்கிலிருந்த வாரைப் பார்த்தான், அப்புறம் குத்தூஸைப் பார்த்தான்.

குத்தூஸ் இறங்கி, மடியிலிருந்த இரும்பை எடுத்து அவன் முன்னால் மடக்கிக் காட்டினான்.

"நோன்புல நான் இத வாயில வைக்கல," என்றான். நாக்கு வீங்கியிருந்ததால் வார்த்தைகள் குழறின. "இன்னைக்குத்தான் வச்சேன். மதாம்ட்ட பொய் சொல்லிட்டேன் தம்பி. அப்ப அது பொய்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கணும்னு நெனைக்கவும் இல்ல. நீங்க வந்த நாள்லேருந்து உங்க மேல எனக்குப் பொறாமை. பஸ்ஸ விட்டுடுங்க. என்கூட வாங்க, மதாம்ட்ட நானே சொல்றேன். இதுவும் உங்களோடதான்."

லகானை நீட்டினான். எவ்வளவு முயன்றும் விரல்கள் உடனே பிரியவில்லை.

சிமோன் லகானை வாங்கவில்லை. குத்தூஸின் சட்டைக் கழுத்தில் சொட்டியிருந்த சிவப்பைப் பார்த்தான். காப்பி டம்ளரைப் பெட்டி மேல் வைத்துவிட்டுக் கிட்டே வந்தான்.

"வாயைத் திறங்க பாய்," என்றான்.

அத்தனை ஜனங்களுக்கு நடுவில், நாற்பது வயது ஆம்பிளை, வாயைத் திறந்துகொண்டு நின்றான். சிமோன் ஒரு கையால் அவன் தாடையைத் தாங்கி, கட்டைவிரலை உதட்டோரத்தில் வைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான். அந்தக் கை எங்கேயும் இழுக்கவில்லை, அழுத்தவில்லை. இப்படி ஒரு கை இருந்தால் குதிரை போகத்தானே செய்யும் என்று குத்தூஸ் நினைத்தான். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"ரொம்ப வலிக்குதா?"

குத்தூஸ் ஆமென்று தலையசைத்தான்.

அவன் தோளில் ஏதோ கனத்தது. சூடான மூச்சு கழுத்தில் பட்டது. ரோசலி முதல் தடவையாக அவன் தோளில் தாடையை வைத்திருந்தாள். அசைந்தால் எடுத்துவிடுவாளோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் கண்ணை மூடவில்லை. அவன் தோளுக்கு மேலாகச் சிமோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.